பெண்ணின் நோயும் வீட்டாரின் கடமையும்

ஒரு வீட்டிலே குழந்தை பிறந்துவிட்டால் அச்செய்தி அயலெங்கும் விரைந்து பரவும். கற்கண்டும் சர்க்கரையும் வழங்கப்படும். உறவினர் வந்து பார்த்துச் செல்வர். பெயரிடுவதற்கு நாளும் கோளும் பார்க்கப்படும். ஆனால், குழந்தை பிறக்கவில்லையே என்று ஒரு பெண் ஏங்கும்போதும், பிறந்த குழந்தைக்குப் பால் போதவில்லையே என்று கலங்கும்போதும், வயது முதிர்ந்தபின் கருப்பையில் நோய் கண்டு அஞ்சும்போதும், அதே வீட்டிலே மௌனம் குடிகொண்டுவிடுகிறது. மகிழ்ச்சி எல்லார்க்கும் பொதுவாகிறது. துன்பம் அவளுக்கு மாத்திரம் உரியதாகிறது. இந்த மௌனம் வெறும் நாணத்தின் விளைவு என்று எண்ணிவிடலாகாது. அது காலத்தை வீணாக்குவது. சில வேளைகளில் உயிரையும் கொள்வது. ஆதலின், பெண்ணின் வாழ்விலே நேரும் இம்மூன்று இடர்களிலும் வீட்டார் ஆற்றவேண்டிய கடமை யாது என்பது சிந்திக்கத்தக்கதாகும்.

விளக்கத்தின்பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே மணமாகி நான்கு ஆண்டுகள் கடந்த ஒரு பெண்; கடையொன்றிற் கணக்கெழுதும் அவள் கணவன்; அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் மாமி. மூவரும் நல்லவர்களே. எனினும் குழந்தையில்லை என்ற குறை அவ்வீட்டின் நடுவே எழுந்து நிற்கிறது. மாமி கோயில்தோறும் நேர்த்தி வைக்கிறாள். அயலில் நடக்கும் மங்கல காரியங்களில் மருமகளை முன்னிற்க அழைப்பாரில்லை. எவரேனும் ஒருவர், “இன்னும் ஒன்றுமில்லையோ?” என்று கேட்கும்போதெல்லாம் அவள் தலைகுனிந்து உள்ளே போய்விடுகிறாள். அவளை அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும் என்ற எண்ணம் பிறந்தபோதும், கணவன் தன்னைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற நினைவு அவ்வீட்டில் எவருக்கும் எழவில்லை. இத்தகைய குடும்பம் எவ்வூரிலும் உண்டு.

வீட்டின் மௌனம் கலைந்து துணை கிடைத்தால் எத்துணைப் பெரிய மாற்றம் விளையும் என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று. 1930 ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலே ஓர் இலட்சம் பிள்ளைப்பேறுகளில் 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். மகப்பேறு மறுபிறப்பு என்று முதியோர் கூறியது அக்காலத்தில் வெறும் உபசார மொழியன்று. அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 30 ஐ ஒட்டிய அளவுக்குக் குறைந்துள்ளது. பொருள்வளம் மிகுந்த நாடுகளே வியந்து நோக்கும் முன்னேற்றம் இது.

இம்முன்னேற்றம் ஒரு நாளில் வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயிலே வைத்தியப் பணி புரிந்த கிறீன் வைத்தியர் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலையும் தமிழாக்கினார். 1879 இற் கொழும்பிலே டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்கிளியொட் வைத்தியசாலை தோன்றியது. 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வரும் நோயாளரை மாத்திரம் பார்ப்பதோடு அமையாது, வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் காக்கும் முறை அதனோடு வேரூன்றியது. அம்முறையின் உயிர்நாடியே பொதுச்சுகாதார மருத்துவமாது ஆவார். குடும்பநல உத்தியோகத்தர் என இன்று அழைக்கப்படும் அவர் ஏறக்குறைய 3000 மக்களைக் கொண்ட ஒரு பிரிவுக்குப் பொறுப்பாயிருப்பவர். எந்த வீட்டின் படலையையும் திறந்துகொண்டு உரிமையோடு உள்ளே வரக்கூடியவர். எனினும், அவர் வாயிலில் வந்து நிற்கும்போது வீட்டிலுள்ளோர் வாய் திறந்து உண்மையைச் சொன்னாலன்றி அவரால் உதவ இயலாது.

இனி, மக்கட்பேறின்மையைக் கருதுவோர் முதலில் அறியவேண்டுவது ஒன்றுண்டு. அது ஒரு பெண்ணின் குற்றமன்று, தெய்வ சாபமுமன்று. அது உடலின் ஒரு நிலை. உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகிலே வயதுவந்தோருள் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையை அனுபவிக்கின்றனர். செல்வ நாடுகளென்றும் வறிய நாடுகளென்றும் இதிற் பெரிய வேறுபாடில்லை. ஆகவே, தனக்கு மட்டுமே இவ்விதி வாய்த்தது என்று ஒரு பெண் நினைந்து வருந்துவதற்குக் காரணமில்லை.

கருத்தரித்தல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பழியின் பொருந்தாமை தானே புலப்படும். மாதவிலக்கு 28 நாள்களுக்கு ஒருமுறை வருமாயின், அதன் தொடக்கத்திலிருந்து எண்ணி ஏறக்குறைய 14 ஆம் நாளிலே சூலகத்திலிருந்து ஒரு முட்டை வெளிப்படுகிறது. அது ஒரு நாளளவே உயிர்த்திருக்கும். ஆணின் விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள்கள் வரையில் உயிர்த்திருக்கக்கூடியது. அவையிரண்டும் கருக்குழாயிற் சந்தித்தல்வேண்டும். அவ்வாறு உண்டான கரு கருப்பையைச் சென்றடைந்து அதன் உட்சுவரிலே பதிதல்வேண்டும். இந்நெடும் பயணத்தில் எவ்விடத்திலும் தடை நேரலாம். முட்டை ஒழுங்காக முதிராதிருக்கலாம். தைரொயிட் சுரப்பியின் கோளாறு குறுக்கிடலாம். பழைய கிருமித்தொற்றினாற் கருக்குழாய் அடைபட்டிருக்கலாம். கருப்பையின் உட்சுவர் போன்ற இழையம் வெளியே வளர்ந்து வலியையும் தடையையும் விளைக்கலாம். இவ்வாறே, ஆணின் விந்தணுக்கள் தொகையிற் குறைந்தும், ஓட்டத்திற் தளர்ந்தும், வடிவத்திற் பிறழ்ந்தும் இருக்கலாம். குறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களிற் பெண்ணிடத்தும், மூன்றில் ஒரு பங்கில் ஆணிடத்தும், எஞ்சியவற்றில் இருவரிடத்துமோ காரணம் புலப்படாமலோ காணப்படுகிறது. அங்ஙனமாக, பழி முழுவதையும் ஒருத்தியின் தலையிற் சுமத்துவது எவ்வகையில் நீதியாகும்?

எப்போது வைத்தியரை நாடுவது என்பதற்கும் எளிய விதியொன்று உண்டு. கருத்தடை முறை எதனையும் கைக்கொள்ளாது 12 மாதங்கள் ஒழுங்காக இல்லறம் நடத்தியும் கருத்தரிக்காவிடின் வைத்திய ஆலோசனை பெறவேண்டும். பெண்ணின் வயது 35 ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்களே போதும். ஏனெனில், பெண் பிறக்கும்போதே தன் முட்டைகளையெல்லாம் உடன்கொண்டு பிறக்கிறாள். வயது ஏற ஏற அவற்றின் தொகையும் தரமும் குறைகின்றன. 35 வயதின்பின் இக்குறைவு விரைவுபடுகிறது. நேர்த்திக்கடன் வைப்பதனால் எவர்க்கும் தீங்கில்லை. நேர்த்தியை நம்பி ஐந்தாறு ஆண்டுகளைப் போக்கிவிட்டு, அதன்பின் வைத்தியரிடம் செல்வதே தீங்கு. வழிபாடும் வைத்தியமும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

முதற் பரிசோதனைகளுள் மிக எளியது கணவனுக்குரியது. இரண்டு முதல் ஏழு நாள்கள் விலகியிருந்து விந்தைச் சோதனைக்குக் கொடுத்தால் அன்றே ஓரளவு உண்மை தெரிந்துவிடும். ஊசியில்லை, வலியில்லை, சத்திரசிகிச்சையில்லை. மனைவிக்கோ குருதிச் சோதனை, கதிர்ப்படம், கருவியிட்டு நோக்கல் எனப் பல படிகள் உள்ளன. இவ்வெளிய சோதனைக்குக் கணவன் உடன்படாமையால் மனைவி பல ஆண்டுகள் வேண்டாத மருந்துகளை உட்கொண்ட குடும்பங்கள் உண்டு. ஆண்மை வேறு, விந்தணுக்களின் தொகை வேறு என்பதை ஆடவர் உணரவேண்டும். திடகாத்திரமான உடலுடையோருக்கும் இக்குறை இருக்கலாம். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் செல்லும். ஆகையினால், கடுங்காய்ச்சலின் பின்னர்ச் செய்த ஒரு சோதனையிற் குறை தோன்றினும் அது நிலையானதெனக் கொள்ளாது, மூன்று மாதங்களின் பின் மீண்டும் சோதித்தல் நன்று. புகைத்தலையும் மிகு மதுவையும் நிறுத்துவதும், உடற்பருமனைக் குறைப்பதும் இருவர்க்கும் பயன் தருவன. பெண் கருத்தரிக்க முயலும்போதே நாள்தோறும் 400 மைக்கிரோகிராம் போலிக்கமிலம் உட்கொண்டு வந்தால், பிறக்கும் குழந்தைக்கு முள்ளந்தண்டுக் குறைபாடு நேரும் ஆபத்துக் குறையும்.

மேலே கூறப்பட்ட குடும்பத்திற் குடும்பநல உத்தியோகத்தர் ஒருநாள் வந்து, கணவனையும் மனைவியையும் ஒருங்கே இருத்திப் பேசுகிறார் என்று கொள்ளலாம். தம் பிரிவிலுள்ள இளங்குடும்பங்களைப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பவர் அவர். ஆகையால் அவர் கேட்பது வம்பன்று, கடமை. கணவன் தயங்கித் தயங்கிப் பரிசோதனைக்கு இசைகிறான். விந்தணுக்களின் தொகை குறைவு என்று தெரிகிறது. அச்செய்தி கேட்ட அன்றிரவு அவன் உணவு கொள்ளவில்லை. நான்கு ஆண்டுகளாக மனைவி சுமந்த சுமையின் பாரம் எத்தகையது என்பதை அவன் அன்றுதான் அறிகிறான். மாமியும் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின்னர் மருமகளுக்குச் சோறு போட்டுக் கொடுக்கிறாள். வீட்டின் முதல் மருந்து அவ்வாறு தொடங்குகிறது.

மருத்துவம் இன்று பல வழிகளைத் திறந்துள்ளது. முட்டை முதிர்வதற்கு மாத்திரை உண்டு. அடைபட்ட குழாய்க்கும் கட்டிக்கும் சத்திரசிகிச்சை உண்டு. தூய்மைப்படுத்திய விந்தை உரிய நாளிற் கருப்பையினுட் செலுத்தும் முறை உண்டு. உடலுக்கு வெளியே முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துக் கருவாக்கும் முறையினால் முதற் குழந்தை இங்கிலாந்தில் 1978 யூலை 25 ஆந் திகதி பிறந்தது. அக்குழந்தையின் தாய் கருக்குழாய் அடைபட்டமையால் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தவர். எனினும், இம்முறை பெருஞ்செலவுடையது. உடலையும் உள்ளத்தையும் வருத்துவது. மேற்கொண்டோர் எல்லார்க்கும் கைகூடுவதுமன்று. இவ்வுண்மையை முன்னரே அறிந்து, எத்தனை முறை முயல்வது, எங்கே நிறுத்துவது என்று கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்தல் வேண்டும். கடன்பட்டுக் காணியை ஈடுவைக்குமுன் அம்முடிவு செய்யப்படுதல் நன்று.

முயற்சி எல்லாம் பயனின்றிப் போனோர்க்கும் வாழ்வு உண்டு. 1941 ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தின் அனுமதியோடு பிள்ளையைத் தத்தெடுக்கும் வழி இந்நாட்டில் உளது. பிள்ளையின்றியே ஒருவர்க்கொருவர் துணையாய் நிறைவாழ்வு வாழ்வோரும் உளர். ஆனால், இவற்றை ஆறுதல் மொழியாக அவசரப்பட்டுக் கூறுதல் தகாது. மாதந்தோறும் நம்பிக்கை கொண்டு மாதந்தோறும் ஏமாறும் பெண்ணின் துயரம், மரணத் துயரத்துக்கு ஒப்பானது. ஆனால், அதற்கு இழவு கேட்க வருவார் இல்லை. “கவலைப்படாதே, கவலையை விட்டால் பிள்ளை பிறக்கும்” என்று சொல்வதும் பழியின் இன்னொரு வடிவமே. அவள் பேசும்போது கேட்டிருத்தலும், வைத்தியசாலைக்குப் போகும் நாளில் உடன் செல்லுதலும், ஊரார் வினவும்போது கணவனே முன்வந்து விடைகூறுதலும் உண்மையான துணைகளாகும். “மலடி” என்ற சொல் வீட்டிலும் ஊரிலும் வழங்காதொழிதல் வேண்டும்.

நமது கற்பனைக் குடும்பத்துக்குச் சிகிச்சை பலித்து, ஆண்டொன்றின் பின் ஒரு பெண்குழந்தை பிறக்கிறது. ஆயினும், இடர் தீர்ந்ததென்று எண்ணிய வேளையில் அடுத்த இடர் தோன்றுகிறது. குழந்தை அழுகிறது, தாய்க்குப் பால் போதவில்லை என்று ஒருவர் கூறுகிறார், பால்மாப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து வைக்கிறார் மற்றொருவர். தவமிருந்து பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறாளோ என்ற பார்வை எல்லார் கண்ணிலும் தெரிகிறது. காத்திருந்து பெற்ற தாய்மாருக்கு இவ்வச்சம் இருமடங்காகும். முன்பு கருப்பை தோற்றது, இப்போது மார்பும் தோற்கிறது என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வர்.

உண்மை வேறு. பிறந்த ஒரு மணி நேரத்துள் குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டத் தொடங்குதல் வேண்டும். முதல் நாள்களிற் சுரப்பது மஞ்சள் நிறமான சீம்பால். அதனைப் பழுதுபட்ட பால் என்று கருதிப் பீய்ச்சி எறிந்த வழக்கம் முன்னர் இருந்தது. கன்று ஈன்ற பசுவின் கடும்பைச் சுவையாகக் காய்ச்சி உண்டோர் தம் குழந்தைக்கு அதனை மறுத்தது விந்தையே. சீம்பால் அளவிற் குறைந்தது. நோய் தடுக்கும் பொருள்களில் மிகுந்தது. பிறந்த நாளிற் குழந்தையின் இரைப்பை ஒரு முறைக்கு ஒரு தேக்கரண்டியளவு பாலையே ஏற்கவல்லது. ஆதலாற் சிறிதளவு பால் அன்று குறைவன்று, அதுவே அளவு.

பால் சுரப்பதன் இரகசியம் குழந்தை உறிஞ்சுதலிலேயே தங்கியுள்ளது. குழந்தை உறிஞ்சும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து இரண்டு ஓமோன்கள் வெளிப்படுகின்றன. ஒன்று பாலைச் சுரப்பிக்கிறது. மற்றொன்று சுரந்த பாலை வெளியே வடியச் செய்கிறது. மார்பிலிருந்து எவ்வளவு பால் எடுக்கப்படுகிறதோ அவ்வளவு மேலும் சுரக்கும். போத்தற்பால் கொடுத்தால் குழந்தை மார்பிற் குறைவாக உறிஞ்சும். குறைவாக உறிஞ்சினாற் பாலும் குறையும். பால் குறையவே மேலும் போத்தல் வேண்டப்படும். கிணற்றில் இறைக்க இறைக்க நீர் ஊறுவதையும், இறையாக் கிணறு தூர்ந்து போவதையும் அறிந்த மக்களுக்கு இதனை விளக்குதல் அரிதன்று. பாலை வடியச் செய்யும் ஓமோனுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. தாய் அச்சத்திலும் வேதனையிலும் துயரத்திலும் இருக்கும்போது அது தடைப்படுகிறது. எனவே, “உனக்குப் பால் இல்லை” என்று சொல்லும் சொல்லே அவ்வேளையிற் பாலைத் தடுக்கிறது.

பால் போதுமா என்பதை அழுகையினால் அளத்தல் தவறு. குழந்தை ஒரு வாரத்தைக் கடந்தபின் ஒரு நாளில் ஆறு முறையேனும் நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரங்களில் பிறந்த எடையை மீண்டும் எட்டுகிறதா என்பனவே அளவுகோல்கள். புதிதாய்ப் பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் குடிக்கும், அது இயல்பே. முலைக்காம்பு வெடித்து நோகுமாயின், பெரும்பாலும் குழந்தை சரியாகப் பற்றவில்லை என்பதே காரணம். காம்பை மட்டுமன்றி, அதைச் சூழ்ந்த கரிய பகுதியையும் வாய் நிறையப் பற்றுமாறு செய்தால் நோவு தணியும். மார்பு சிவந்து கட்டிக் காய்ச்சல் வந்தால் வைத்தியரை நாடவேண்டும். ஆயினும், பாலூட்டுவதை நிறுத்தவேண்டியதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் பேற்றின்பின் முதல் 10 நாள்களுள் வீட்டுக்கு வந்து பார்ப்பது இவற்றைக் கண்டு திருத்துவதற்காகவே.

வீட்டார் செய்யக்கூடியன யாவை? பத்தியக் கறியும் பால்சுறாவும் முருங்கையிலையும் வைத்துக்கொடுக்கும் மாமியின் கை ஒரு பெருந்துணை. அவ்வுணவின் சத்தும் உண்டு. அதிலும் மேலாக, தன்னை ஒருவர் பேணுகிறார் என்ற ஆறுதல் உண்டு. ஆனால், தாகம் தீரத் தண்ணீர் குடிக்கவிடாமற் பத்தியம் காப்பது தீங்கு. இரவிற் குழந்தையை ஏந்திக் கொடுப்பதும், துணி துவைப்பதும், வந்தோர் போனோரை அளவோடு நிறுத்துவதும் கணவனின் கடமைகள். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலன்றி வேறெதுவும், தண்ணீர்தானும், வேண்டியதில்லை; அதன்பின் உணவு தொடங்கி, இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பாலூட்டலாம். 2016 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பாலை மாத்திரம் அருந்தினர். இது பெருமைக்குரியது.

வேலைக்குச் செல்லும் தாய்க்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டபின், எத்தனையாவது குழந்தையாயினும் தாய்க்கு 84 நாள் விடுமுறை உரியதாயிற்று. பால் கொடுப்பதற்கென வேலை நேரத்தில் இரு இடைவேளைகளும் சட்டத்தில் உள. பீய்ச்சி எடுத்த பாலைத் தூய பாத்திரத்தில் மூடி வைத்தால் சாதாரண வெப்பத்தில் 4 மணி நேரம் கெடாதிருக்கும். அதனை அடுப்பிற் காய்ச்சாது, சுடுநீரில் வைத்துக் குளிர் நீக்கிக் கிண்ணத்தினால் ஊட்டலாம்.

இத்தனையும் செய்தும் பாலூட்ட இயலாத தாய்மாரும் சிலர் உளர். நோயினாலோ, உட்கொள்ளும் மருந்தினாலோ, மிகுந்த தளர்ச்சியினாலோ அது நேரலாம். அவர்களைக் குறைகூறுதல் கொடுமை. வைத்தியரின் சொற்படி வேறு பால் ஊட்டப்படும் குழந்தையும் தாயின் மடியிலேயே வளர்கிறது. மேலும், பேற்றின்பின் ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் காண்கிறது. இரண்டு வாரங்களைக் கடந்தும் உறக்கமின்மை, காரணமில்லா அழுகை, குழந்தையிடத்துப் பற்றின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியன நீடித்தால் அது சோம்பலன்று, பேய்பிடித்தலுமன்று, சிகிச்சையினால் தீரக்கூடிய நோய். உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

இனி மூன்றாவது இடர். குழந்தைக்கு இரண்டு வயதாகியிருக்கும் வேளையில், மாமியின் துணிகளைத் துவைக்கும் மருமகள் ஒருநாள் இரத்தக் கறையைக் காண்கிறாள். மாமிக்கு மாதவிலக்கு நின்று எட்டு ஆண்டுகளாயின. கேட்டபோது மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கொன்றுமில்லைப் பிள்ளை, வயதுபோன காலத்தில் இதெல்லாம் வாறதுதான்” என்கிறாள். ஐந்து மாதங்களாக இவ்வாறு இருந்துவந்ததாம். மகனிடம் சொல்லக் கூச்சம். மருமகளிடம் சொல்ல மானம். தன் காலமெல்லாம் துடக்கென்று ஒதுங்கியிருந்து பழகிய உடம்பைப்பற்றி வாய் திறக்க அவளுக்குச் சொற்களே இல்லை. மருமகளின் நோயைப் பேசவிடாத அதே மௌனம் இப்போது மாமியின் உயிரைக் குறிவைக்கிறது.

மாதவிலக்கு முற்றாக நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் கசிந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். அவ்வாறு கசிவு காணும் பெண்களிற் பெரும்பாலோர்க்கு அது சாதாரண காரணத்தினாலேயே நேர்கிறது. ஆயினும், ஏறக்குறைய பத்தில் ஒருவர்க்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருத்தல் கூடும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் அதனைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். இவ்வாறே, மாதவிலக்குக்கு இடையிலோ, கணவனுடன் கூடியபின்போ இரத்தம் காணுதல், துர்நாற்றத்தோடு வெள்ளைபடுதல், அளவுக்கு மிஞ்சிய உதிரப்போக்கினாற் சோகை கொள்ளுதல் ஆகியனவும் பொறுத்துக்கொள்ளத்தக்கனவல்ல. கருப்பை இறங்கிப் பல ஆண்டுகள் வெளியிற் சொல்லாது வருந்தும் முதிய தாய்மாரும் பலர். அதற்கு உடற்பயிற்சியும், உள்ளே பொருத்தும் வளையமும், சத்திரசிகிச்சையும் உண்டு.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோ வருமுன் காக்கக்கூடியது. மனிதப் பப்பிலோமா வைரசு என்னும் கிருமியின் நீடித்த தொற்றே அதற்குக் காரணம். இதனைக் கண்டறிந்தமைக்காக ஆரல்ட் சூர் ஔசன் என்ற செருமானிய அறிஞர் 2008 இல் நோபெல் பரிசு பெற்றார். தொற்று ஏற்பட்டுப் புற்றுநோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். அந்நெடுங்காலத்தில் மாறுதலடைந்த கலங்களைப் பாப் பரிசோதனையினாற் கண்டு அகற்றிவிடலாம். சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. 1996 முதல் இந்நாட்டிற் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் நடந்துவருகின்றன. சிங்களத்தில் இவற்றைச் சுவநாரி நிலையங்கள் என்பர். 35 வயதடைந்த பெண்களை முதல் நோக்காகக் கொண்டு தொடங்கிய இந்நிலையங்களிற் பாப் பரிசோதனையோடு மார்பகப் பரிசோதனையும், குருதியமுக்கமும் நீரிழிவும் பார்த்தலும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. பின்னர் 45 வயதினரும் இதற்குள் அழைக்கப்பட்டனர். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகத்துக்குரியதே என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அடுத்த தலைமுறையைக் காக்கும் வாயிலும் திறந்துள்ளது. 2017 முதல் பாடசாலைகளில் 6 ஆந் தரத்து மாணவியர்க்கு இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி இருமுறை ஏற்றப்படுகிறது. சில பெற்றோர், “சிறு பிள்ளைக்கு இது எதற்கு?” என்று அஞ்சி ஒப்புதற் கடிதத்தைத் திருப்பி அனுப்புகின்றனர். தொற்று நேருமுன் ஏற்றினாலே தடுப்பூசி முழுப்பயன் தரும். ஆதலின் அது சிறுபிராயத்திலேயே ஏற்றப்படுகிறது. அன்றியும், மகள் வளர்ந்தபின் தன் உடம்பைப்பற்றிக் கூசாது பேசுவதற்கு அந்த ஒப்புதற் கடிதம் நல்லதொரு தொடக்கமாக அமையலாம். தாயும் மகளும் அதனை ஒருங்கே வாசிக்கலாம்.

மாமியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவள் மருமகளே. ஒருகாலத்தில் அவளுடைய கையைப் பிடித்து அழைத்துச் செல்ல எவருமில்லை; இன்று அவள் மற்றொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையிற் காத்திருக்கிறாள். மகன் வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். கருப்பையின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள். விடை எதுவாயினும் அது காலந்தாழ்த்தி வந்த விடையாகாது. ஐந்து மாதம் ஐந்து ஆண்டாகவில்லை.

பெண்ணின் நோய் பெண்ணோடு நிற்பதன்று. அவள் வருந்தினால் கணவன் தளர்கிறான், குழந்தை மெலிகிறது, அடுப்பு அணைகிறது. ஆதலின் அதன் பரிகாரமும் அவளோடு மட்டும் நிற்கக்கூடாது. வைத்தியர் மருந்து கொடுப்பர்; மருத்துவமாது வழிகாட்டுவர்; அரசு நிலையங்களை அமைக்கும். ஆனால், “உனக்கு என்ன செய்கிறது?” என்று அன்போடு கேட்பதையும், அவள் சொல்லும் விடையை நம்புவதையும், “வா, போய்க் காட்டுவோம்” என்று எழுந்து நடப்பதையும் வீட்டாரன்றி வேறெவரும் செய்தல் இயலாது. ஒவ்வொரு வீட்டிலும் அவ்வினா உரிய காலத்திற் கேட்கப்படுமாயின், வைத்தியசாலைகளின் பணியிற் பாதி அங்கேயே நிறைவேறிவிடும்.